அரசு உங்க நிலத்தை எடுத்தா, அதுக்கு விலை போடுறது யார் தெரியுமா?



நம்ம சேனல்ல முதலீடு பத்தி எந்த வீடியோ போட்டாலும், கீழே ஒரு கருத்து தவறாம வந்துடும். "ஷேர் மார்க்கெட் விழும், தங்கம் திருடு போகும், நிலம் எங்கேயும் ஓடிப் போகாது சார்." உண்மைதான், நிலம் ஓடாது. ஆனா பட்டாவுல இருக்கிற பேர் மாறலாம். நீங்க விற்காமலே, எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடாமலே மாறலாம். நிலம் வாங்குறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் வில்லங்கம் பார்ப்பாங்க, தாய்ப்பத்திரம் பார்ப்பாங்க, வாஸ்துகூடப் பார்ப்பாங்க. "நாளைக்கு அரசு இதை எடுத்துக்கிட்டா எனக்கு என்ன கிடைக்கும்?"னு கேட்கிறவங்க ரொம்பக் குறைவு.

இந்தக் கேள்வியை வருஷக்கணக்கா ஆராய்ச்சி செஞ்ச ஒரு சட்ட அறிஞர் இருக்காங்க. பேர் நமிதா வாஹி. ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் அவங்க முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கிட்ட தலைப்பே இந்தியாவில் சொத்துரிமையும் பொருளாதார வளர்ச்சியும்தான். அதுக்கப்புறம் டெல்லியில் உள்ள சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச் அமைப்புல ஒரு குழுவோட சேர்ந்து, 1950-லிருந்து 2016 வரைக்கும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிச்ச நில எடுப்பு வழக்குகளை ஒண்ணுவிடாம எடுத்துப் படிச்சாங்க. மொத்தம் 1,269 வழக்கு. இழப்பீடு போதலைங்கிற வழக்குகள்தான் அதுல பெரிய கூட்டம். நிலத்தை எடுக்க ஆரம்பிச்ச நாளிலிருந்து உச்ச நீதிமன்றத்தில் முடியுற நாள் வரைக்கும் ஆன சராசரிக் காலம் 20 வருஷம்.

இருபது வருஷம். அப்பா ஆரம்பிச்ச வழக்கை மகன் முடிக்கிறார். அதுக்குள்ள அந்த இடத்துல ரோடு போட்டு, டோல்கேட் வெச்சு, அந்த ரோட்டையே ஒரு தடவை அகலப்படுத்தியும் இருப்பாங்க.

நான் வக்கீல் இல்லை. பணத்தைப் பத்திப் பேசுறவன். அதனால இந்த விஷயத்தைப் பணக் கணக்காத்தான் பார்க்கப் போறேன். ஆனா கணக்குக்குப் போறதுக்கு முன்னாடி, உங்க சொத்துக்குச் சட்டத்துல என்ன இடம்னு தெரியணும். பலர் இன்னும் "சொத்து என் அடிப்படை உரிமை"னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அது 1979-லயே முடிஞ்ச கதை.

அடிப்படை உரிமையா இருந்து, இல்லாமப் போனது

1950-ல் அரசியலமைப்பு வந்தப்போ சொத்துரிமை அடிப்படை உரிமைகள் பட்டியல்ல இருந்தது. அதே நேரத்துல ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களும் வந்துக்கிட்டு இருந்தது. நம்ம சென்னை மாகாணத்துல 1948-லயே வந்தாச்சு. ஜமீன்தார்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. அதைச் சமாளிக்க 1951-ல் முதல் திருத்தம், 9-வது அட்டவணை. 1953-ல் மேற்கு வங்க வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம், இழப்பீடுன்னா இழந்ததுக்குச் சமமான பணம்னு சொல்லிடுச்சு. உடனே 1955-ல் இன்னொரு திருத்தம்: கொடுக்கிற இழப்பீடு போதுமா போதாதான்னு கோர்ட் கேட்கக் கூடாது. 1969-ல் வங்கிகள் தேசியமயம், 1970-ல் அதுக்கு எதிரா தீர்ப்பு, 1971-ல் மறுபடி ஒரு திருத்தம். இந்தத் தடவை 'இழப்பீடு'ங்கிற சொல்லையே தூக்கிட்டு 'தொகை'னு போட்டுட்டாங்க. கடைசியா 1978-ல் 44-வது திருத்தம். அது 1979 ஜூன் 20-ல் அமலுக்கு வந்தப்போ சொத்துரிமை அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்தே போயிடுச்சு. இப்ப மிச்சம் இருக்கிறது 300-ஏ பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாம யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாதுங்கிற ஒரே வரி. நம்ம அரசியலமைப்பிலேயே அதிகமா திருத்தப்பட்டதும், ஒழிக்கப்பட்ட ஒரே அடிப்படை உரிமையும் சொத்துரிமைதான்னு வாஹி எழுதியிருக்காங்க.

ஜமீன்தாரியை ஒழிச்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே குடும்பம் வெச்சிருந்த நாடு இது. ஆனா ஜமீன்தாரை மடக்கச் செஞ்ச ஆயுதம், ஜமீன் போனதுக்கு அப்புறமும் அரசாங்கத்தோட கையிலேயே இருந்துடுச்சு. இன்னைக்கு அதுக்கு எதிர்ல நிற்கிறவர் ரெண்டு ஏக்கர் நெல் போடுறவரும், கால் கிரவுண்டுல மாடி வீடு கட்டினவரும்தான்.

இதுக்குச் சென்னையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கு. வீட்டு வசதித் திட்டத்துக்கு நிலம் எடுத்தா மட்டும் இழப்பீட்டைக் குறைச்சுக் கொடுக்கலாம்னு 1961-ல் சென்னை அரசு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மத்த காரியத்துக்கு எடுத்தா ஆறுதல் தொகை 15 சதவீதம், வீட்டு வசதிக்கு எடுத்தா 5 சதவீதம். அதே ஊரு, பக்கத்துப் பக்கத்து நிலம். ஒருத்தரோட நிலம் ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னா ஒரு விலை, இன்னொருத்தரோட நிலம் குடியிருப்புக்குப் போச்சுன்னா வேற விலை. வஜ்ரவேலு முதலியார் வழக்குல 1964-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சமத்துவத்துக்கு எதிரானதுன்னு ரத்து செஞ்சது. சட்டம் படிக்கிற பசங்க இன்னைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறாங்க. சென்னையில் மனை வாங்குற நமக்கு இது பேர்கூடத் தெரியாது.

300-ஏ வெறும் ஒரு வரிதான்னாலும் அதுக்குப் பல் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. 2020 ஜனவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. இமாச்சலப் பிரதேசத்துல எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கைம்பெண், வயசு சுமார் 80. அவங்க நிலத்துல 1967-68-ல் அரசு ரோடு போட்டுடுச்சு. நோட்டிஸ் இல்லை, இழப்பீடு இல்லை. அவங்க கோர்ட்டுக்கு வந்தப்போ அரசு சொன்ன பதில் என்ன தெரியுமா? "இத்தனை வருஷமா நாங்கதான் அனுபவிக்கிறோம், அதனால அனுபவ பாத்தியதைப்படி இது எங்களுக்கே சொந்தம்." ஒரு அரசாங்கமே இப்படிப் பேசலாமான்னு உச்ச நீதிமன்றம் கண்டிச்சு, அந்த அம்மாவுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 மே மாதம், கொல்கத்தா மாநகராட்சி சம்பந்தப்பட்ட வழக்குல கோர்ட் இன்னும் தெளிவாச் சொல்லிடுச்சு: 300-ஏ-க்குள்ள நோட்டிஸ் பெறுவது, ஆட்சேபம் சொல்வது, காரணத்தோட உத்தரவு பெறுவது, பொதுக் காரியத்துக்கு மட்டும் எடுப்பது, நியாயமான இழப்பீடுன்னு ஏழு உரிமை அடங்கியிருக்கு. வேலையை இழுத்தடிக்காம முடிக்கணும்ங்கிறதும் அதுல ஒண்ணு.

சரி, இப்ப பணத்துக்கு வருவோம்.

"மூணு மடங்கு, நாலு மடங்கு கொடுக்கிறாங்களாமே?"

1894-ல் வெள்ளைக்காரன் போட்ட நில எடுப்புச் சட்டம் 2013 வரைக்கும் நம்மை ஆண்டது. 2013-ல் புதுச் சட்டம் வந்து 2014 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதுக்கப்புறம் டீக்கடையில் அடிபடுற பேச்சு: கிராமத்துல எடுத்தா சந்தை விலையைப் போல நாலு மடங்கு, டவுன்ல எடுத்தா ரெண்டு மடங்கு.

சட்டத்துல அப்படித்தான் இருக்கு, ஆனா கணக்கைப் பிரிச்சுப் பாருங்க. முதல்ல 'சந்தை மதிப்பு'ன்னு ஒரு தொகை. கிராமப்புறமா இருந்தா அதை 1-லிருந்து 2 வரைக்குமான ஒரு எண்ணால பெருக்கணும். அந்த எண்ணை மாநில அரசு முடிவு பண்ணும். டவுன்னா பெருக்கல் எண் 1. அதோட கட்டடம், மரம், கிணறு இதுக்கான மதிப்பைச் சேர்க்கணும். வர்ற மொத்தத்துக்குச் சமமா, அதாவது 100 சதவீதம், ஆறுதல் தொகை. இதுக்கு மேல, சந்தை மதிப்பு மேல வருஷத்துக்கு 12 சதவீதம், அறிவிப்பு வந்த காலத்திலிருந்து அவார்டு போடுற வரைக்கும் அல்லது நிலத்தைக் கையில் எடுக்கிற வரைக்கும், எது முந்தியோ அதுவரைக்கும்.

எல்லாக் கணக்கும் அந்த முதல் தொகை மேலதான் நிற்குது. அந்தச் சந்தை மதிப்பை யார் போடுறாங்க? கலெக்டர்னு சொல்வீங்க. கையெழுத்து அவரோடதுதான். ஆனா அவர் ரெண்டு எண்ணைப் பார்த்து, எது அதிகமோ அதை எடுக்கணும். ஒண்ணு, வழிகாட்டி மதிப்பு. இன்னொண்ணு, அக்கம்பக்கத்துல அதே மாதிரி நிலங்கள் கடந்த மூணு வருஷத்துல என்ன விலைக்குப் பதிவாச்சோ, அந்தப் பத்திரங்கள்ல விலை அதிகமா இருக்கிற மேல்பாதியை எடுத்து அதோட சராசரி.

புரியுதா? விலை போடுறது உங்க பக்கத்துக் காட்டுக்காரர் எழுதின பத்திரம். அதுக்கும் பக்கத்துல நீங்களே எழுதின பத்திரம்.

நம்ம ஊர்ல பத்திரம் எப்படி எழுதுறோம்னு சொல்லித் தரணுமா? ஏக்கர் 50 லட்சத்துக்குப் பேசி முடிச்சிருப்பாங்க. வழிகாட்டி மதிப்பு 20 லட்சம் இருக்கும். பத்திரத்துல 20 லட்சம், மீதி 30 லட்சம் மஞ்சப்பையில. வாங்குறவருக்கு 30 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம். விற்கிறவருக்கு மூலதன ஆதாய வரி மிச்சம். ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

இப்ப அந்த ஊர் வழியா ஒரு பைபாஸ் வருதுன்னு வெச்சுக்குங்க. பெருக்கல் எண் 1.5-னு வெச்சுப்போம். எல்லாரும் இப்படியே எழுதியிருந்தா சந்தை மதிப்பு 20 லட்சம். 1.5-ஆல பெருக்கினா 30 லட்சம். ஆறுதல் தொகையோட 60 லட்சம். 'மூணு மடங்கு'ன்னு பேப்பர்ல வரும். ஆனா நிஜ விலை 50 லட்சம். அறிவிப்பு வந்த உடனே அக்கம்பக்கத்துல விலை ஏறிடும். அந்த 60 லட்சத்தை வெச்சுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் அதே ஒரு ஏக்கர் வாங்க முடியுமான்னு நீங்களே யோசிங்க. இதே நிலம் டவுன் எல்லைக்குள்ள இருந்தா 40 லட்சம்தான், 50-க்கும் கீழே.

அதே ஊர்ல எல்லாரும் 50 லட்சத்தை 50 லட்சமாவே எழுதியிருந்தா? 50-ஐ 1.5-ஆல பெருக்கினா 75, ஆறுதல் தொகையோட 1 கோடியே 50 லட்சம். வித்தியாசம் 90 லட்சம். மிச்சம் பிடிச்சது 2 லட்சத்து 70 ஆயிரம்.

இதுல கொடுமை என்னன்னா, நீங்க ஒருத்தர் மட்டும் யோக்கியமா எழுதினாலும் முழுசாக் காப்பாத்த முடியாது. பத்துப் பத்திரத்துல ஒண்ணு மட்டும் 50-னு இருந்தா, மேல்பாதி அஞ்சு பத்திரத்தோட சராசரி 26 லட்சம்தான். போதாக்குறைக்கு, ஒரு விலை உண்மையான சந்தை நிலவரத்தைக் காட்டலைன்னு கலெக்டருக்குத் தோணினா அதைக் கணக்குல சேர்க்காம விடவும் சட்டம் அனுமதிக்குது. அந்த ஊர்ல உண்மை விலையை எழுதின ஒரே பத்திரம்தான் 'இது என்னடா தனியா நிற்குது'ன்னு சந்தேகத்துக்கு ஆளாகும்!

ஒவ்வொருத்தரும் தனித்தனியா மிச்சம் பிடிச்சு, ஊரே சேர்ந்து நஷ்டப்படுற ஏற்பாடு இது. கறுப்புப் பணம் பத்தி நான் உபதேசம் பண்ண வரலை. (நிலத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா வாங்கினா, வாங்கின அளவுக்கே அபராதம் விழலாம்னு மட்டும் நினைவுல வெச்சுக்குங்க.) என் பேச்சு கணக்கு சம்பந்தப்பட்டது மட்டும்தான். பத்திரத்துல குறைச்சு எழுதுறது, உங்க சொத்துக்கான காப்பீட்டுத் தொகையை நீங்களே வெட்டிக்கிறதுக்குச் சமம்.

2017 ஜூன் மாதம் தமிழ்நாட்டுல வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சாங்க. வீடு வாங்க நினைச்சவங்க எல்லாம் கைதட்டினாங்க. நியாயம்தான், அவங்களுக்கு லாபம். ஆனா பத்திரத்தை வழிகாட்டி மதிப்புக்கே எழுதுற பழக்கம் உள்ள மாநிலத்துல, வழிகாட்டி மதிப்பு இறங்கினா பத்திர விலையும் கூடவே இறங்கும். அதாவது இழப்பீட்டுக்கு அடிப்படையான ரெண்டு எண்ணும் ஒண்ணா இறங்கும். 2023-ல் அந்த மதிப்பை மறுபடி ஏத்தினப்போ 'சாமானியன் தலையில் சுமை'ன்னு ஒரே கூச்சல். நிலம் எடுப்புல மாட்டினவங்க பக்கத்திலிருந்து இதைப் பார்த்தவங்க எத்தனை பேர்?

சரி, பத்திரம் ஒழுங்கா இருக்கிற ஊர்ல எல்லாம் சரியா நடக்குதான்னா, அதுவும் இல்லை. யுன்-சியென் சாங்னு தைவானைச் சேர்ந்த ஒரு சட்ட அறிஞர், நியூயார்க் நகரம் 1990-லிருந்து 2002 வரைக்கும் எடுத்த சொத்துகளுக்குக் கொடுத்த இழப்பீட்டை ஆராய்ச்சி பண்ணினார். பாதிக்கு மேற்பட்டவங்களுக்குச் சந்தை மதிப்பைவிடக் குறைவு. சுமார் 40 சதவீதம் பேருக்கு அதிகம். சரியான விலை கிடைச்சவங்க கொஞ்சம் பேர்தான். அவ்வளவு பதிவேடு இருக்கிற ஊர்லயே இழப்பீடு ஒரு குலுக்கல் மாதிரிதான் இருந்திருக்கு.

15 சதவீத வட்டி, நிஜத்துல எவ்வளவு?

வழக்குப் போட்டு இழப்பீடு கூடிச்சுன்னா, கூடின தொகைக்கு வட்டி உண்டு. நிலத்தை எடுத்த நாளிலிருந்து முதல் வருஷம் 9 சதவீதம், அதுக்கப்புறம் 15 சதவீதம். கேட்கிறப்போ "அடேயப்பா, எஃப்.டி.யில்கூட இது கிடைக்காதே"ன்னு தோணும். இங்கதான் நம்ம சேனல் பார்க்கிறவங்க உஷாரா இருக்கணும். இது தனிவட்டி. கூட்டுவட்டி இல்லை.

20 வருஷத்துக்குப் போடுங்க. முதல் வருஷம் 9, மீதி 19 வருஷத்துக்கு 285. மொத்தம் 294 சதவீதம். 1 லட்சம் ரூபாய், 3 லட்சத்து 94 ஆயிரமா வரும். இதைக் கூட்டுவட்டிக்கு மாத்தினா வருஷத்துக்கு சுமார் 7.1 சதவீதம். அதே சாதாரண எஃப்.டி. வட்டிதான்! 5 வருஷத்துல முடிஞ்சா 15 சதவீதம் நல்ல வட்டி. 20 வருஷம் இழுத்தா அது பணவீக்கத்தோட மல்லுக்கட்டுற வட்டி. தாமதம் ஆக ஆக உங்க வருமான விகிதம் குறைஞ்சுக்கிட்டே வரும். தாமதம் பண்றது யாரோ, அவங்களுக்கு அதனால லாபம்.

அந்த வட்டியில வக்கீலுக்கு எவ்வளவு? "ஜெயிச்சா இத்தனை சதவீதம்"னு எழுதி வாங்குற பழக்கம் பல இடத்துல இருக்கு. பார் கவுன்சில் விதிப்படி வழக்கோட பலன்ல பங்கு கேட்க வக்கீலுக்கு அனுமதி கிடையாது. வெற்றுத்தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீங்க.

எந்தச் சட்டத்துல எடுக்கிறாங்கன்னு பாருங்க

2013 சட்டம் நல்ல சட்டம்னு எல்லாரும் சொல்றாங்க. சமூகத் தாக்க ஆய்வு, சில திட்டங்களுக்கு 70 அல்லது 80 சதவீதம் பேரோட சம்மதம், இப்படி அதுல நல்ல விஷயங்கள் இருக்கு. ஆனா தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே, நிலக்கரி நிலங்கள்னு 13 மத்தியச் சட்டங்களுக்கு அதுலயே விலக்கு இருக்கு. 2015-லிருந்து இழப்பீட்டுக் கணக்கு அவங்களுக்கும் பொருந்தும். தமிழ்நாடு தன் பங்குக்கு மூணு மாநிலச் சட்டத்துக்கு விலக்கு வாங்கியிருக்கு. தொழில் தேவைக்கான 1997-ம் வருஷச் சட்டம், 2001 நெடுஞ்சாலைச் சட்டம், 1978 ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான சட்டம். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விலக்கு செல்லாதுன்னு சொன்னது. அரசு புதுச் சட்டம் போட்டு அதுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கிச்சு.

அதாவது நம்ம ஊர்ல ரோட்டுக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் போறப்போ, இழப்பீட்டுக் கணக்கு 2013 மாதிரியே இருக்கும். ஆனா "இந்தத் திட்டம் தேவையா, எங்க வாழ்க்கை என்ன ஆகும்"னு முன்கூட்டியே கேட்கிற அந்தக் கட்டம் இருக்காது. அங்கதான் எனக்கு மனசு ஒப்பலை. பரந்தூர் விமான நிலையம் அறிவிச்ச 2022-லிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடுறாங்க. அவங்க கேட்கிறது விலையை ஏத்தச் சொல்லி இல்லை. விற்க விருப்பம் இல்லாதவங்களுக்கு எது நியாயமான விலைன்னு எந்த ஃபார்முலாவும் சொல்லாது. சந்தை மதிப்புங்கிறதே, விற்க விரும்புறவரும் வாங்க விரும்புறவரும் பேசி முடிக்கிற விலைதான். ஏரிப் பாசனமும், குலதெய்வக் கோயிலும், நடந்து போற தூரத்துல இருக்கிற அண்ணன் தம்பி வீடும் எந்தப் பத்திரத்துலயும் விலையோட எழுதியிருக்காது. அந்த 100 சதவீத ஆறுதல் தொகை அதுக்குத்தான்னு சொல்வாங்க. ஆனா அது 20 லட்சத்துல 100 சதவீதமா, 50 லட்சத்துல 100 சதவீதமாங்கிறதுலதான் மறுபடி வந்து நிற்கிறோம்.

ரோடும் விமான நிலையமும் வேண்டாம்னு நான் சொல்லலை. நானும் அந்த ரோட்டுலதான் போறேன். ஆனா அந்த ரோட்டோட விலையில ஒரு பகுதியை, வழியில நிலம் வெச்சிருந்த ஒரே காரணத்துக்காகச் சில குடும்பங்கள் மட்டும் கட்டணும்னா, அது அவங்க மேல மட்டும் போடுற வரி. பேர்தான் வேற.

நோட்டிஸ் வந்துட்டா

பல பேர் கேட்கிறதால சிலதை மட்டும் சொல்றேன். நோட்டிஸ்ல சட்டத்தோட பேரையும் பிரிவையும் முதல்ல படிங்க. ஆட்சேபம் சொல்ற கெடுவும், மேல போற வழியும் அதைப் பொறுத்து மாறும். உதாரணத்துக்கு, தேசிய நெடுஞ்சாலைன்னா இழப்பீட்டுத் தகராறு முதல்ல போறது சமரசத் தீர்ப்பாளர்கிட்ட. பட்டா இன்னும் தாத்தா பேர்ல இருந்தா இன்னைக்கே மாத்துங்க. வாரிசுத் தகராறு இருந்தா பணம் உங்க கைக்கு வராது, கோர்ட்டுலயோ தீர்ப்பாயத்துலயோ போய் உட்கார்ந்துடும். மரம், போர்வெல், சுற்றுச்சுவர், மாட்டுக்கொட்டகை எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. அளக்க வர்ற அன்னைக்கு நீங்க இல்லைன்னா தென்னை மரம் பத்து, பட்டியல்ல ஆறா மாறும்.

பணம் வாங்குறப்போ ஒரு வரி முக்கியம்: "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்." 2013 சட்டப்படி, ஆட்சேபம் சொல்லாம வாங்கிட்டா, அதிக இழப்பீடு கேட்டு மனு போடுற உரிமை போயிடும். அவார்டு போடுறப்போ நீங்க நேர்ல இருந்தா அன்னையிலிருந்து 6 வாரத்துக்குள்ள மனு கொடுக்கணும். இல்லைன்னா கலெக்டரோட நோட்டிஸ் கைக்கு வந்து 6 வாரம், அல்லது அவார்டு தேதியிலிருந்து 6 மாதம், எது முதல்ல முடியுதோ அதுக்குள்ள. இதைத் தவறவிட்டவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. அதே அறிவிப்புல நிலம் போன பக்கத்துக்காரர் தீர்ப்பாயத்துல ஜெயிச்சு அதிக விலை வாங்கினா, அந்தத் தீர்ப்பு வந்த 3 மாதத்துக்குள்ள "எனக்கும் அதே விலை போடுங்க"ன்னு நீங்க கலெக்டருக்கு எழுதலாம். ஊர்ல யார் யார் வழக்குப் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது வம்பு பேசுறது இல்லை, காசு.

வரி விஷயத்துல ஒரு நல்ல செய்தி. 2013 சட்டத்தோட 96-வது பிரிவுப்படி அந்தச் சட்டத்துல வர்ற இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2016 அக்டோபர்ல ஒரு சுற்றறிக்கை மூலமா இதை உறுதிப்படுத்திடுச்சு. ஆனா கூடுதல் இழப்பீட்டோட வர்ற வட்டி வேற கதை. அது கையில் வர்ற வருஷத்து வருமானம்னு வரித்துறை கேட்கும், அதுல பாதியைக் கழிச்சுக்கலாம். 20 வருஷ வட்டி ஒரே வருஷத்துல வந்து விழுறப்போ எந்த வரி அடுக்குல போய் நிற்பீங்கன்னு பார்த்துக்குங்க. வேற சட்டத்துல எடுத்திருந்தா ஒரு ஆடிட்டரைப் பார்த்துட்டு ரிட்டர்ன் போடுங்க.

நோட்டிஸ் எதுவும் வராதவங்களுக்கு இந்த வாரம் ஒரு வேலை. பதிவுத்துறை இணையதளத்துல சர்வே நம்பர் போட்டு வில்லங்கச் சான்று பார்க்கலாம், காசு கிடையாது. உங்க நம்பரைப் பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. சுத்தி இருக்கிற நாலஞ்சு சர்வே நம்பரையும் போட்டு, கடந்த 3 வருஷத்துல பதிவான கிரயங்கள்ல என்ன தொகை எழுதியிருக்குன்னு ஒரு நோட்டுல குறிச்சு, சராசரி போடுங்க. உங்க நிலத்துக்கு நீங்க மனசுல வெச்சிருக்கிற விலையைப் பக்கத்துல எழுதுங்க.